வடக்கே நீட்டாத கால்

என் வலது முழங்காலின் சில்லு உடைந்த அன்றும் நான் அக்காவிடம்தான் போய்க்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமைக் காலை. கோச்சடையில் பேருந்து ஏறி, காளவாசலில் இறங்கி, அங்கிருந்து திருநகருக்கு வேறு பேருந்து பிடிப்பது என் வழக்கம். இறங்குபடியில் கால் வைக்கையில் சேலைக் கொசுவம் குதிகாலில் சிக்கியது. கையிலிருந்த தூக்குவாளி கவிழ்ந்துவிடக் கூடாதென்று அதை மார்போடு அணைத்துக்கொண்டேன். ஊன்றக் கையில்லாமல், உடலின் பாரமெல்லாம் முழங்காலின்மேல் இறங்க, நடைபாதையின் விளிம்புக் கல்லில் விழுந்தேன். வாளியில் அக்காவுக்குப் பிடித்த பருத்திப்பால் இருந்தது. அதில் ஒரு துளியும் சிந்தவில்லை.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். கணவரை இழந்து, திருநகரில் தன் மகன் வீட்டில் இருந்தாள். சில ஆண்டுகளாகவே காது மங்கிக்கொண்டு வந்து, இறுதியில் வலக்காதில் மட்டும், அதுவும் வாயை ஒட்டிவைத்துச் சொன்னால் மட்டும் கேட்கும் என்றாகிவிட்டது. மகன் வாங்கித் தந்த காதுக்கருவியை அவள் ஏற்கவில்லை. “இதுல பேச்சு கேக்குதுடா, பாட்டு கேக்கல. தகரத்துல ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு” என்று கழற்றிக் கொடுத்துவிட்டாள். கட்டிலிலிருந்து ஒருமுறை உருண்டு விழுந்த பின் கட்டிலையும் மறுத்தாள். தரையில் மெத்தை விரித்துப் படுத்தவள், இடுப்பு தளர்ந்தபின் அதைவிட்டு எழவே இல்லை.

ஆகவே அவளுக்குப் பாட்டுக் கேட்க வேண்டுமானால், பாடுகிறவர் தரையில் அமர்ந்து அவள் காதுவரை குனிந்தாக வேண்டும். வெள்ளிதோறும் நான் அதைச் செய்துவந்தேன். மெத்தையின் வலப்புறம் சம்மணமிட்டு அமர்ந்து, இடக்கையை ஊன்றிச் சாய்ந்து, நாங்கள் இருவரும் எங்கள் தந்தையிடம் சேர்ந்து கற்ற பதிகங்களைப் பாடுவேன். அவளுடைய சுட்டுவிரல் மெத்தையின் ஓரத்தில் தாளம் போடும். ஓரடியை நான் விரைந்து கடந்துவிட்டால் விரல் நின்றுவிடும். நான் மீண்டும் அந்த அடியைத் தொடங்கினால்தான் அசையும். காது போன பின்பும் அவளிடம் பிழை மறைக்க என்னால் முடிந்ததில்லை.

பதிகம் பாடுவதற்குத் தந்தை வைத்த விதிகள் சில உண்டு. படுத்துக்கொண்டு பாடலாகாது. காலை நீட்டிக்கொண்டு பாடலாகாது. முதுகு நிமிர, கால் மடித்து அமர்ந்தே பாட வேண்டும். ஆலவாய் அண்ணலின் அவையில் நிற்பதாக எண்ணிக்கொள் என்பார். என் எழுபதாம் வயதுவரை காய்ச்சலிலும் நான் அந்த விதியைக் கடந்ததில்லை.

மருத்துவமனையில் உடைந்த சில்லின் இரு துண்டுகளையும் கம்பியால் இணைத்துத் தைத்தார்கள். தொடையிலிருந்து கணுக்கால்வரை நீளும் ஒரு பெல்ட்டைக் கட்டிவிட்டார்கள். சில வாரங்கள் கால் நீட்டியபடியே இருக்கட்டும், பிறகு சிறிது சிறிதாக மடக்கப் பழகலாம் என்றார் மருத்துவர். “தரையில உக்காரலாமா டாக்டர்?” என்று நான் கேட்டதற்கு, “மொதல்ல நாற்காலியில உக்காருங்கம்மா, தரை எங்கயும் ஓடிப்போயிராது” என்று சிரித்தார். தரை ஓடிப்போகாது என்பது உண்மை. தரையில் படுத்திருந்தவளைப் பற்றியே நான் அஞ்சினேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சங்கடம் முளைத்தது. படுக்கையறையின் குளியலறைக்குப் படியிறங்க வேண்டும் என்பதால் என் கட்டிலைக் கூடத்தில் போட்டார்கள். எங்கள் கூடம் ஒடுக்கமானது. குறுக்கே கட்டில் போட்டால் வழி அடைபடும். தெற்கு வடக்காகத்தான் போட முடியும். வடக்குச் சுவரில் பூசை மாடம். தெற்கே தலை வைத்தால் என் பாதங்கள் நேரே மாடத்தை நோக்கி நீளும். திருப்பிப் படுத்தால் தலை வடக்கே போகும். வடக்கே தலை வைக்கலாகாது என்பது எங்கள் குடும்பத்தில் எவரும் காரணம் கேட்டறியாத கட்டளை. மாடத்தை வேறிடத்துக்கு மாற்றலாம் என்றான் என் மகன். நான்கு தலைமுறை விளக்கெரிந்த படங்களை என் ஒரு காலுக்காக இடம்பெயர்க்க நான் இசையவில்லை.

என் மருமகள் மஞ்சள் துணியில் ஒரு திரை தைத்து மாடத்துக்கு மாட்டினாள்.

“இப்பக் கண்ணுக்குத் தெரியாதுல்ல அத்தே. நிம்மதியாக் காலை நீட்டுங்க.”

“எனக்குத் தெரியாதும்மா. அவருக்குத் தெரியும்ல?”

அவள் ஒரு தலையணையைக் கொண்டுவந்து, விளக்கேற்றும் நேரத்தில் மட்டும் பெல்ட்டின் பட்டைகளைத் தளர்த்தி, என் முழங்காலுக்கு அடியில் அதைச் செருகினாள். கால் சற்றே மடங்கி, பாதம் மெத்தையில் ஊன்றி நின்றது. உள்ளங்கால் மாடத்தைப் பார்க்கவில்லை. அந்த ஆறுதலில் எனக்குக் கண் கலங்கியது. மடங்கிய நிலையில் வலியும் குறைவாக இருந்தது. விளக்கேற்றும் நேரத்துக்கென்று வந்த தலையணை, சாப்பாட்டு நேரத்துக்கும், உறக்கத்துக்கும், பின்பு நாள் முழுமைக்கும் அங்கேயே தங்கிவிட்டது. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொள்வோம். ஏமாற்றும் எண்ணம் எங்களுக்கு இல்லை. வெளியே போகும்போது உடுத்திக்கொள்ளும் நல்ல சேலைபோல அதுவும் ஒரு முறைமை என்றே இருவரும் எண்ணியிருந்தோம்.

அக்காவின் மகன் அவ்வப்போது தொலைபேசியில் அழைப்பான். அக்காவின் முகத்துக்கு நேரே கருவியைப் பிடிப்பான். “பாப்பா, எப்படி இருக்க? எப்ப வார?” என்று அவள் உரத்த குரலில் கேட்பாள். பேரப்பிள்ளை கண்ட பின்னும் அவளுக்கு நான் பாப்பாதான். “வாரேன் அக்கா, கால் மடங்கட்டும், வந்துர்றேன்” என்று நான் கத்துவேன். அவளுக்கு எதுவும் கேட்காது. “என்னடா சொல்றா?” என்று மகனைக் கேட்பாள். அவன் தன் முழங்காலைத் தொட்டு மடக்கிக் காட்டுவான் போலும்; அவள் “ஓ” என்பது மட்டும் எனக்குக் கேட்கும். என் குரல் என் அக்காவுக்குச் சைகையாய்ப் போய்ச் சேர்ந்தது.

பெல்ட்டைக் கழற்றும் காலம் வந்தபோது உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு பெண் வந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்து உழவர் குடும்பத்தில் பிறந்து, பிசியோதெரபி படித்து, விளாங்குடியில் குடியிருந்தவள். ஸ்கூட்டரில் வருவாள், வாசலில் நுழையும் முன்பே அவள் பேச்சு நுழைந்துவிடும். என் காலைத் தொட்டு நீட்டிப் பார்த்தாள். நீளவில்லை. மடக்கிப் பார்த்தாள். சற்று மடங்கி, கல்லில் இடித்த வண்டிச் சக்கரம்போல நின்றுவிட்டது.

“முழுசா நீளவும் மாட்டேங்குது, முழுசா மடங்கவும் மாட்டேங்குது. இப்பிடியே அரைக்கால்ல எத்தன நாளா வச்சிருந்தீங்க? யாரு இந்தத் தலையாணிய வச்சது?”

மருமகள் முன்வந்தாள். “நான்தான்க்கா.”

“எதுக்கு?”

அவள் மஞ்சள் திரையைப் பார்த்தாள். வந்தவள் திரையை விலக்கினாள். மாடத்தையும் என் பாதத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. மாடத்தின் முன் நின்று கைகூப்பி, உதடு அசையக் கொஞ்சநேரம் பேசினாள். திரும்பி என்னிடம் வந்தாள்.

“கேட்டுட்டேம்மா. சரின்னுட்டாரு. காலை நீட்டுங்க.”

“விளையாடாதேம்மா” என்றேன், சினத்தோடு.

“நான் எங்க வெளாடுறேன்? நீங்க வேணா கேட்டுப் பாருங்க. உங்ககிட்ட இன்னும் நல்லாப் பேசுவாரு.”

அன்று தலையணை கூடத்தைவிட்டு வெளியேறியது. பயிற்சியை நான் முன்னறை நாற்காலியில் செய்வதாக உடன்பாடாயிற்று. மூன்று மடக்கு உண்டு என்று அவள் என்னிடம் சொன்னாள்: நடை மடக்கு, நாற்காலி மடக்கு, தரை மடக்கு. முதலிரண்டும் பொறுமைக்கு வரும், மூன்றாவது கண்ணீருக்குத்தான் வரும் என்றாள். “உங்களுக்கு எது வேணும்?” என்று கேட்டாள். எனக்கு மூன்றாவது வேண்டும் என்றேன். ஏன் என்றும் சொன்னேன். தரையில் கிடக்கும் ஒருத்தியின் காது எனக்கு எட்ட வேண்டும். அவள் போவதற்குள் எட்ட வேண்டும். அதைக் கேட்டபின் அந்தப் பெண் வாயாடுவது சிறிது குறைந்தது. கையின் அழுத்தம் கூடியது.

ஒவ்வொரு முறை மடக்கும்போதும் பத்து எண்ணும்வரை பிடித்திருக்க வேண்டும். எனக்கு எண் நினைவில் நிற்கவில்லை. வலியில் மூன்றுக்குப் பின் ஏழு வந்தது. எண்ணுவதற்கு மாறாகப் பதிகத்தில் ஓரடி பாடினேன். முதுகு நிமிர்ந்துதானே அமர்ந்திருந்தேன், விதிக்கு ஊறில்லை. அவளும் ஒப்புக்கொண்டாள். சில நாளில் அவளுக்கு அடிகளின் நீளம் பிடிபட்டுவிட்டது.

“இந்தப் பாட்டு வேணாம், சீக்கிரம் முடிஞ்சிருது. நேத்து ஒண்ணு இழுத்து இழுத்துப் பாடுனீங்கள்ல, அதப் பாடுங்க.”

“அதுக்கு மூச்சுப் பத்தாதும்மா.”

“கள்ளத்தனம் பண்ணாதீங்க. அம்புட்டு மூச்சும் இருக்கு உங்ககிட்ட.”

நாற்காலி மடக்கு வந்ததும் நான் பொறுக்கவில்லை. கார் வைத்துத் திருநகருக்குப் போனேன். “அண்ணே, பைய ஓட்டுங்க” என்று வழியெல்லாம் மருமகள் ஓட்டுநரிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். அக்கா மிகவும் வற்றியிருந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகம் விரிந்தது, கையை நீட்டினாள். அவள் மகன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மெத்தை அருகில் போட்டான். அதில் அமர்ந்து, இயன்ற அளவு குனிந்து, தொண்டை கிழியும்படி பாடினேன். என் வாய்க்கும் அவள் காதுக்கும் இடையே இரண்டு முழ வெளி இருந்தது.

அக்கா புன்னகையோடு என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் மெத்தையின் ஓரத்தில் தாளம் போடத் தொடங்கியது. எனக்கு ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த கணமே கண்டுகொண்டேன். அது நான் பாடிய பாட்டின் தாளமன்று. என் வாய் அசைவதைப் பார்த்துவிட்டு, தனக்குள் ஒலித்த வேறொரு பதிகத்துக்கு அவள் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் வருந்தக்கூடாதென்று போட்டாளா, மெய்யாகவே அதைத்தான் நான் பாடுவதாக நம்பினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வேண்டுமென்றே ஓரடியைத் தவறாகப் பாடினேன். விரல் நிற்கவில்லை.

அன்று முதல் பயிற்சியை என்னைத் தண்டிப்பதுபோலச் செய்தேன். முட்டி வீங்கியது. பனிக்கட்டியைத் துணியில் பொதிந்து வைத்துக்கொண்டு மீண்டும் செய்தேன். “இப்பிடி மொரட்டுத்தனமாப் பண்ணுனா இன்னும் இறுகும். பைய விடுங்க” என்று விளாங்குடிப் பெண்ணே தடுக்கும்படி ஆயிற்று. “நேரமில்லம்மா” என்றேன். தலையணை வைத்த வாரங்கள் என் கண்முன் வந்து நின்றன. அவன் திருவடியை நோக்கி என் அடியை நீட்டலாகாதென்று காத்த மரியாதை, என்னை என் அக்காவிடமிருந்து இரண்டு முழம் விலக்கி நிறுத்தியிருந்தது. அவனிடம் முறையிடவும் எனக்கு வாயில்லை. இதை நீ செய் என்று அவன் எந்நாளும் என்னிடம் கேட்டதில்லையே.

தரை மடக்கு வரவில்லை. அழைப்பு வந்தது.

“சின்னம்மா, இன்னைக்கு வந்துருங்க. அம்மாவுக்குச் சோறு தண்ணி எறங்க மாட்டேங்குது. உங்களத்தான் கேக்குறாக.”

போனேன். அக்கா கண் மூடியிருந்தாள். நான் மெத்தையின் வலப்புறம் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, இறங்கிப் பார்த்தேன். பாதி இறங்கியதும் முட்டி பூட்டிக்கொண்டது. அக்காவின் மகன் ஒருபுறமும் என் மருமகள் மறுபுறமும் தாங்கினார்கள். “பலவந்தம் பண்ணாதீங்க சின்னம்மா, கம்பி கிம்பி விட்டுறப் போகுது” என்றான் அவன். என்னை மறந்து அலறியிருக்கிறேன் போலும். அந்த ஒலி காதில் விழுந்திருக்காது; தரையின் அதிர்வை உணர்ந்தோ என்னவோ அக்கா கண் திறந்தாள். நாற்காலிக்கும் தரைக்கும் நடுவே இருவர் தோளில் தொங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள். அவளுடைய உதட்டில் பழைய குறும்பு வந்தது.

“என்னடி, பாதியில தொங்குற? உக்கார வரலன்னா படுத்துக்கயேன்.”

மெத்தையில் தன் வலப்புறத்தை உள்ளங்கையால் தட்டிக் காட்டினாள்.

அது எனக்கு ஏன் தோன்றவில்லை? இத்தனை மாதமும் அந்த மெத்தையில் எனக்கு இடம் இருந்தது. கால் நீட்டிப் படுக்க முழங்கால் எவ்வளவு மடங்க வேண்டும்? படுத்துப் பாடலாகாது என்பது என் எலும்பில் ஊறிக் கிடந்ததால், படுத்துக்கொள்வது ஒரு வழி என்றே என் அறிவு கண்டுகொள்ளவில்லை.

இருவரும் என்னைப் பிடித்து மெதுவாகக் கிடத்தினார்கள். சிறுவயதில் ஒரே பாயில் உறங்கியதுபோல அக்காவின் பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். என் வாய் அவள் காதருகே வந்தது. பழக்கத்தில் வலது முழங்காலை மடக்கி வைக்க முயன்றேன். எதிர்ச் சுவரில் அம்மன் படம் போட்ட நாட்காட்டி தொங்கியது. நான் காலை மடக்குவதை அக்கா கவனித்தாள். தலையணையின் கதையை மகன் அவளுக்கு முன்பே சைகையில் நடித்துக் காட்டியிருக்கிறான்.

“நீட்டுடி. கால் வலிக்குமேன்னு ஒரு ராசா கேட்டதுக்குக் கால் மாத்தி நின்னவன்டி நம்மூர்க்காரன். உன் மொடக் காலுக்கா கோவிச்சுக்கப் போறான்?”

வெள்ளியம்பலத்தில் வலக்காலைத் தூக்கி நிற்கும் கூத்தனை ஆயிரம் முறை வணங்கியிருக்கிறேன். ஒரே காலில் நின்று ஆடினால் நோகுமே என்று பாண்டியன் வருந்த, அவனுக்காகக் கால் மாறியவன் என்ற கதையைப் பதிகம் பாடும் பெண்கள் குழுவில் நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்றுதான் அதை ஒருவர் எனக்குச் சொன்னார்.

காலை நீட்டினேன். பாடினேன். குரல் படுத்த உடலில் சரியாக எழவில்லை. மூச்சுக் காற்றே மிகுந்து வந்தது. அவளுக்கு அது போதுமாயிருந்தது. அவள் விரல் மெத்தையின் ஓரத்தை விட்டு என் மணிக்கட்டில் வந்து தாளம் போட்டது. மூன்றாம் பாட்டில் அழுகை முட்டி ஓரடி உடைந்தது. விரல் நின்றது.

“முழுங்கிட்ட. திருப்பிப் பாடு.”

திருப்பிப் பாடினேன். விரல் அசைந்தது.

அந்த வாரத்தில் இன்னும் சில முறை போய்ப் படுத்துப் பாடினேன். ஒரு நாள் காலையில் நான் காரில் ஏறுவதற்கு முன் அவள் மகனின் அழைப்பு வந்தது; இம்முறை அவன் கருவியை யார் முகத்துக்கு நேரேயும் பிடிக்கவில்லை. நான் போனபோது அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் தரையில் அமர்ந்து அழுதார்கள். எனக்கு நாற்காலி போட்டார்கள். சாவு வீட்டில் எல்லாருக்கும் மேலே நாற்காலியில் உயர்ந்து அமர்ந்து பாடினேன். அங்கே படுத்துக்கொள்ள முடியாது.

பயிற்சியை நான் நிறுத்திவிட நினைத்தேன். விளாங்குடிப் பெண் விடவில்லை. துக்கம் கேட்டுவிட்டு, அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, “காலை நீட்டுங்கம்மா” என்றாள். எதற்கு என்று கேட்டேன். “ஆரம்பிச்சதப் பாதியில விடக் கூடாதும்மா” என்று மட்டும் சொன்னாள். பதிகத்துக்கும் எங்கள் தந்தை அதையே சொல்வார். செய்தேன். மாதங்கள் போயின. கூடத்துக் கட்டிலைப் பிரித்துப் படுக்கையறைக்குக் கொண்டுபோனார்கள். மஞ்சள் திரையை மருமகள் கழற்றித் துவைத்து மடித்து வைத்தாள்.

ஒரு மாலை விளக்கேற்றும் நேரத்தில், விளாங்குடிப் பெண் என் இரு கைகளையும் பிடித்துக் கூடத்துத் தரையில் இறக்கினாள். முட்டி ஒருமுறை முனகியது, பிறகு வழிவிட்டது. இடக்காலின்மேல் வலக்கால் வந்து மடிந்தது. முதுகு நிமிர்ந்தது. மாடத்தின் முன் சம்மணமிட்டு அமர்ந்திருந்தேன்.

“அத்தே!” என்று மருமகள் அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள்.

“தரை மடக்கு வந்துருச்சு! பாத்தீங்களா, வந்துருச்சும்மா! பாடுங்க, ஒண்ணு பாடுங்க” என்று விளாங்குடிப் பெண் கைதட்டினாள்.

பாடத் தொடங்கினேன். முதல் பாட்டு முடிவதற்குள் என் இடக்கை தானாகத் தரையில் ஊன்றியது. உடல் இடப்புறமாகச் சாய்ந்தது; தலை தாழ்ந்தது. வெறுந்தரைக்கு ஒரு சாண் உயரத்தில் என் வாய் நின்று பாடிக்கொண்டிருந்தது.

“என்னம்மா சாயுறீங்க? வலிக்குதா?”

இல்லை என்று தலையசைத்தேன். தலையசைத்ததில் ஓரடியை விழுங்கிவிட்டேன் என்பது நினைவுக்கு வந்தது. அதைத் திருப்பிப் பாடினேன்.